பழுப்புக் கொழுப்பில் மட்டும்

எலியின் தலை மஞ்சள் வாளிக்குள் போகும். அந்த ஆய்வகத்தில் அதுதான் முதல் வேலை. கழுத்தில் ஒரு வெட்டு. தலை வாளிக்கு, உடல் மேசைக்கு. பிறகு தோளெலும்புகளுக்கு நடுவே தோலை விலக்கினால் இரண்டு இதழாக விரிந்து கிடக்கும் பழுப்புக் கொழுப்பு. இத்தனை பாடும் அதற்குத்தான். தலையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வது? அவர்கள் கொழுப்புக்காரர்கள்.

ஸ்டாக்ஹோமின் வட ஓரத்தில், ரயில் பாதைக்கு மேலே குன்றின்மீது நின்ற அந்தக் கட்டடத்தில் வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்தது. எத்தனை தலைகள் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் கொஞ்சம் கூச்சமாவது வந்திருக்கும்.

வெள்ளைக் கொழுப்பு சேர்த்து வைக்கும். பழுப்புக் கொழுப்பு எரித்துச் சூடாக்கும். குளிரில் எலியின் உயிரைப் பிடித்து வைப்பது அதுதான். பிறந்த குழந்தைக்கும் உண்டு. வளர்ந்தவர்களின் கழுத்தடியிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து, நோகாமல் உடம்பு இளைக்கும் மருந்து இங்கேயிருந்துதான் வரப்போகிறது என்று பேராசிரியர் ஸ்டெல்லான் பல்ம்கிரென் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்பவரின் இடுப்பு வருஷத்துக்கு வருஷம் பெருத்ததை ஒருவரும் சுட்டிக்காட்டவில்லை. அறிஞர்கள் சபை நாகரிகம் உள்ளவர்கள்.

ஸ்டெல்லானின் புகழெல்லாம் ஓர் எலி வகையின் முதுகில் ஏறி வந்தது. எலியின் ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கும். ஏதாவது ஒன்றை, ஓர் உறுப்பில் மட்டும் நீக்க வேண்டுமானால் அதற்கொரு தந்திரம் உண்டு. அந்த மரபணுவின் இரு பக்கமும் வெட்டுக்குறி போட்ட எலியை, கத்தரி சுமக்கும் எலியோடு சேர விடுவார்கள். கத்தரி என்பது ஒரு புரதம். பழுப்புக் கொழுப்பில் மட்டுமே விழித்து வெட்டும்படி அதற்கு விலாசம் எழுதியிருக்கும். உடம்பின் மற்ற இடங்களில் அது தூங்க வேண்டும். தூங்குகிறது என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஸ்டெல்லான் நீக்கிய மரபணுவுக்கு அவரே பேர் வைத்திருந்தார்: பிராசா. ஸ்வீடன் மொழியில் கணப்பு என்று பொருள். பிராசா இல்லாத எலி பருத்தது. ஆகவே பழுப்புக் கொழுப்பில் இருக்கும் பிராசாதான் உடம்பை ஒல்லியாக வைத்திருக்கிறது. கண்டுபிடிப்பு முடிந்தது. பெரிய சஞ்சிகை, அட்டைப்படம், பதக்கம், அரச விருந்தில் மூன்றாவது மேசை.

இதற்கெல்லாம் அஸ்திவாரம் அந்த 'மட்டும்' என்ற சொல். அதற்கு என்ன ஆதாரம்? வெட்டு எங்கெங்கே விழுந்தது என்று நான்கு இடத்தில் பார்த்தார்கள். பழுப்புக் கொழுப்பு, வெள்ளைக் கொழுப்பு, ஈரல், தசை. முதலாவதில் பிராசா இல்லை, மற்ற மூன்றிலும் இருந்தது. ஆகவே மட்டும். ஐந்து அறை உள்ள வீட்டில் நான்கைத் திறந்து பார்த்துவிட்டுத் திருடன் இல்லை என்று எழுதிக் கொடுப்பது மாதிரி. ஐந்தாவது அறைதான் வாளியில் கிடந்ததே.

அந்த ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தான் மால்தே. முப்பத்தொரு வயது. போன மார்ச்சில் அவன் மனைவி இறந்துவிட்டாள்.

ஸ்வேயா புறநகர் ரயில் ஓட்டினாள். வடக்குக் கோடி நிலையத்தில் வண்டியைக் கோடு பிசகாமல் நிறுத்தி, கதவுகளைத் திறந்துவிட்டு, இருக்கையில் சாய்ந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. பயணிகள் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அதன்பிறகு ஆய்வகம் மால்தேயிடம் அன்பாக இருந்தது. கெடு தள்ளி வைத்தது. அவன் வந்தால் பேச்சைக் குறைத்தது. ஆய்வேட்டில் யாரும் கடுமையான திருத்தம் சொல்லவில்லை. அவன் என்ன எழுதினாலும் அருமை என்றார்கள். துக்கம் வந்தவனைப் பேரீச்சம்பழத்தை எடுப்பதுபோல இரண்டு விரலால் எடுத்து வைக்கிறார்கள் என்று மால்தேவுக்குத் தோன்றியது. எதிர்த்துச் சொல்லத் தோன்றவில்லை. காலையில் எழுந்து, எலி வெட்டி, சாயங்காலம் படுத்தான்.

ஆய்வேட்டின் தலைப்பு: 'பிராசா, பழுப்புக் கொழுப்பில் மட்டும்.' தலைப்பு ஸ்டெல்லானுடையது. காணிக்கைப் பக்கம் மட்டுமே மால்தே தானே யோசித்து எழுதியது: 'ஸ்வேயாவுக்கு. இதில் ஒரு வார்த்தையையும் அவள் நம்பியதில்லை.'

"கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கே மால்தே," என்றார் ஸ்டெல்லான், பிரதியைப் பார்த்துவிட்டு. "படிக்கிறவங்க தப்பா எடுத்துக்கப் போறாங்க. 'என் அன்பு ஸ்வேயாவுக்கு'ன்னு போட்டா போதாதா?"

"அவ நம்பல. உனக்கே தெரியும்."

ஸ்டெல்லானுக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லி, நீ என்றுதான் அழைப்பார்கள். சமத்துவமாம். யார் பெரியவர் என்பதைக் கட்டுரையின் கடைசிப் பெயரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஸ்வேயா நிஜமாகவே சமமாகப் பேசினாள். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், ஊறுகாய் மீனைத் தட்டில் குவித்துக்கொண்டு ஸ்டெல்லான் அவளுக்குக் கத்தரி எலியை விளக்கினார். கத்தரி வேறெங்கும் வெட்டாது என்று எப்படித் தெரியும் என்றாள் அவள். உலகம் முழுக்க அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றார் இவர்.

"சிக்னல் பச்சைன்னு நெனைச்சேன்னு நான் சொன்னா என்னை வேலையவிட்டுத் தூக்கிடுவாங்க ஸ்டெல்லான்," என்றாள் ஸ்வேயா. "நீங்க நெனைச்சு நெனைச்சே புரொஃபஸர் ஆயிடுறீங்க."

மேசை சிரித்தது. ஸ்டெல்லானும் சிரித்தார், கடைசியாக. அதற்குப் பிறகு அவர் ஸ்வேயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

விஷயம் ஓர் அட்டைப்படத்தில் தொடங்கியது. ஆய்வேட்டு அட்டையில் பழுப்புக் கொழுப்பு சிவப்பாக ஒளிர வேண்டும் என்பது ஸ்டெல்லானின் ஆசை. கத்தரி எங்கே வெட்டுகிறதோ அந்தச் செல் சிவப்பாக மின்னும்படி செய்த எலி ஒன்று உண்டு. அதையும் கத்தரி எலியையும் சேர்த்தார்கள். குட்டிகள் வளர்ந்தன. மால்தே வெட்டிப் பார்த்தான். விளக்கை அணைத்ததும் தோளெலும்புகளுக்கு நடுவே சிவப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. ஸ்டெல்லான் கைதட்டினார். படம் அச்சகத்துக்குப் போனது. தலைகள் வாளிக்குப் போயிருக்கும், நான்காம் மாடிப் பைவி அன்று கீழே வராதிருந்தால்.

பைவி பின்லாந்துக்காரி. மூளை ஆராய்ச்சி. மூளையைத் தாள் மாதிரி சீவும் புது இயந்திரம் அவளுக்கு வந்திருந்தது. பழகிப் பார்க்க ஏதாவது தலை வேண்டும் என்று வந்து நின்றாள்.

"தூக்கித்தானே போடறீங்க? எனக்குக் குடு."

"எடுத்துக்கோ," என்றான் மால்தே.

ஒரு வாரம் கழித்து அவனை மேலே கூப்பிட்டாள். அறையில் விளக்கை அணைத்தாள்.

"ஏய் மால்தே, உங்க எலிக்குத் தலை இருக்கு. தெரியுமா உங்களுக்கு?"

திரையில் மூளையின் அடிப்பகுதி தெரிந்தது. நடுவில் சிவப்புப் பொட்டுகள். ஒன்றிரண்டு அல்ல. கைப்பிடி கடுகை யாரோ நெருப்பில் வறுத்து வீசியதுபோல.

"உன் மெஷின் அழுக்கா இருக்கும்," என்றான்.

"நானும் அப்படித்தான் நெனைச்சேன். அதான் மொத்தத் தலையும் சீவினேன். எல்லாத்துலயும் அதே எடம். கத்தரி இல்லாத எலியோட தலையில ஒண்ணுமே இல்ல. நீ தந்ததுதான் அதுவும்."

"அது எந்த எடம்?"

பைவி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பின்லாந்துக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள் என்று ஸ்டாக்ஹோமில் சொல்வார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பசியையும் உடம்புச் சூட்டையும் ஆளுற எடம்ப்பா. ஹைப்போதலாமஸ். உங்க எலி ஏன் பருத்துச்சுன்னு நீங்க முதுகைத் தோண்டிக்கிட்டு இருக்கீங்க. அது பாட்டுக்குப் பசிச்சுத் தின்னு பருத்திருக்கும்."

மால்தே திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"எவ்வளவு தின்னுதுன்னு அளந்தீங்களா இல்லியா?"

"ஒரே கூண்டுல நாலஞ்சு எலி. தனித்தனியா அளக்க முடியாது."

"முடியாதா, அளக்கலியா?"

"அளக்கல."

"எத்தனை வருஷமா?"

அவன் விளக்கைப் போட்டான்.

புதன்கிழமை மூன்று மணிக்குக் காபி. அந்த வாரம் ஏலக்காய் பன் சுடும் முறை ஸ்டெல்லானுடையது; கடையில் வாங்கி வந்திருந்தார். மால்தே படத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தான். ஸ்டெல்லான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஒரு நிமிஷம் முகத்தில் ஏதோ வெள்ளையாகப் போய் வந்தது. பிறகு பன்னை எடுத்துக் கடித்தார்.

"லீக்," என்றார். "கொஞ்சம் லீக் ஆகத்தான் செய்யும். எல்லார் கத்தரியும் லீக் ஆகும்."

"கொஞ்சம் இல்ல."

"இது எப்பவோ, கருவுல இருக்கும்போது ஒரு தடவை கத்தரி முழிச்சிருக்கும். இப்ப தூங்குது."

"வெட்டினா வெட்டினதுதானே ஸ்டெல்லான். தூங்கினதும் ஒட்டிக்குமா?"

மேசையில் மற்ற நான்கு பேரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். அந்தக் காபியில் அப்படி என்னதான் தெரிந்ததோ.

"இங்க பாரு," என்றார் ஸ்டெல்லான் மெதுவாக. "இந்த எலியை உலகத்துல ஐம்பது லேப் வெச்சிருக்கு. ஒருத்தனும் தலையைப் பாக்கல. மூணு சஞ்சிகை, ஒன்பது மதிப்பீட்டாளர், ஒருத்தனாவது கேட்டானா? கேக்கல. ஏன்? நம்ம துறையில அது கேள்வியே கிடையாது."

"இப்ப நான் பாத்துட்டேனே."

"பாத்தே. நல்லது. வைவா முடியட்டும், நிதானமா உக்காந்து யோசிப்போம். புத்தகம் அச்சாயிருச்சு. நாளைக்கு ஆணி அடிக்கணும். ஷாம்பெயின்கூட வாங்கியாச்சு." பன் துணுக்கை விரலால் ஒற்றி எடுத்தார். குரல் இறங்கியது. "நீ எவ்வளவு கஷ்டப்பட்டேன்னு எல்லாருக்கும் தெரியும். உன்னை யாரும் நோகடிக்க மாட்டாங்க. வைவால கேள்வி கேக்க வர்ற எதிர்வாதி ஹார்ட்மூட் என் நண்பன். அவன்கிட்டயும் இதே எலிதான் இருக்கு. நீ முடிச்சிட்டு வெளிய போ. ஸ்வேயாவும் அதைத்தான் விரும்பியிருப்பா."

அவர் கை மால்தேயின் தோளில் உட்கார்ந்தது. பன்னின் சர்க்கரை சட்டையில் ஒட்டியது.

ஸ்வேயா என்ன விரும்பியிருப்பாள் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும்? நினைத்திருப்பார்.

மறுநாள் நண்பகலில் ஆணி அடித்தார்கள். கீழ்வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. ஆய்வேட்டின் மூலையில் துளை போட்டு, அதில் ஆணியை வைத்து, சங்கிலியில் தொங்கும் சுத்தியலால் பட்டம் வாங்கப்போகிறவரே அடிக்க வேண்டும். அடித்த கணத்திலிருந்து அது ஊருக்குச் சொந்தம். மூன்று வாரம் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், குற்றம் கண்டுபிடிக்கலாம். அதற்காகத்தான் ஆணி. ஆனால் அந்தப் பலகையில் தொங்கும் புத்தகத்தை ஒருவர் புரட்டி இதுவரை யாரும் பார்த்ததில்லை. போகிற வழியில் அட்டைப்படத்தைப் பார்ப்பார்கள்.

மால்தே சுத்தியலை வாங்கினான். அடிக்க மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்பார்கள், விளக்க வேண்டும், ஷாம்பெயின் கோப்பைகளோடு பதினைந்து பேர் நிற்கிறார்கள். வாயைத் திறப்பதைவிடக் கையை ஓங்குவது சுலபமாக இருந்தது. மூன்று அடி. கைதட்டினார்கள். அட்டையில் சிவப்பு வண்ணத்துப்பூச்சி. இரண்டு தாள் தள்ளி ஸ்வேயாவின் பேர்.

அவள் பேரில் ஒரு பொய்யை ஆணியடித்தாகிவிட்டது. அது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் அடித்தவனை என்னவென்று சொல்வது என்று அன்று சாயங்காலம் பல் துலக்கும்போது யோசித்தான். பொருத்தமான வசை எதுவும் கிடைக்கவில்லை. எல்லாம் கொஞ்சம் பெருமையாக ஒலித்தன.

அடுத்த வாரம் எலிகளைத் தனித்தனிக் கூண்டில் போட்டான். தீனியைக் காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்தான். பிராசா இல்லாத எலி, இருக்கிற எலியைவிட ஒன்றேகால் மடங்கு தின்றது. அவ்வளவுதான். இத்தனை வருஷத்துக் கண்டுபிடிப்பைக் கவிழ்க்க ஒரு தராசும் ஒரு வாரமும் போதும். பைவி மூளைத் துண்டில் பிராசாவை அளந்தாள். அந்த இடத்தில் பாதிக்கு மேல் காணவில்லை.

"பெருந்தீனி எலி," என்றாள். "உங்க ஸ்டெல்லான் மாதிரி. என்ன பண்ணப் போறே?"

"தெரியல."

"வைவா அன்னிக்குச் சொல்லிடேன்."

"யாரும் கேக்க மாட்டாங்க."

"அப்ப கேக்காமலே சொல்லு."

"கேக்காம எனக்கு எதையும் சொல்ல வரலை பைவி. இப்பல்லாம்."

அவள் சீவிய தலைகளின் கண்ணாடித் தகடுகளை ஒரு பெட்டியில் அடுக்கி அவன் கையில் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அரங்கம் நிறைந்தது. மால்தேயின் அம்மா யெவ்லேவிலிருந்து ரயிலில் வந்திருந்தாள். ஸ்வேயாவின் அண்ணன் கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல். முன் வரிசையில் ஸ்டெல்லான், கழுத்துப் பட்டியில் குட்டி எலிகள் ஓடின. எதிர்வாதி ஹார்ட்மூட் ஜெர்மனியிலிருந்து முந்தின நாளே வந்து, ஸ்டெல்லானோடு மான் கறி தின்று, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். தீர்ப்புச் சொல்லும் குழுவில் மூன்று பேர். அங்கே யாரும் தோற்பதில்லை. தோற்கிறவனை அந்த நிலைக்கு விட்டதே அநாகரிகம் என்று கருதுவார்கள். அரங்கத்துக்கு வெளியே பாதாம் பசை போர்த்திய பச்சை மார்சிப்பான் கேக் ஏற்கெனவே பெட்டியைவிட்டு வெளியே வந்திருந்தது.

தலைமை தாங்கிய குன்வோர் என்ற பேராசிரியை எழுந்து எல்லாரையும் வரவேற்றார். பிறகு வழக்கப்படி கேட்டார்:

"ஆய்வேட்டில் ஏதாவது திருத்தம் உண்டா?"

அது ஒரு சடங்கு. எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: நாற்பதாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி, படம் ஏழில் நிறம் மாறியிருக்கிறது, நன்றி. குன்வோர் அதற்குள் உட்காரப் பாதி குனிந்திருந்தார்.

ஆனால் கேள்வி கேள்விதான். போன மார்ச்சுக்குப் பிறகு மால்தேயிடம் யாரும் கேள்வி கேட்டதில்லை. எப்படி இருக்கிறாய் என்பார்கள், பதில் வருவதற்குள் தலையசைத்துவிடுவார்கள். இது பதிலுக்கு இடம் விட்ட கேள்வி. கேட்டார்கள். அவன் பதில் சொன்னான்.

"ஒரு திருத்தம். அட்டைல. தலைப்புல கடைசி வார்த்தையை அடிச்சிடுங்க. 'மட்டும்'. அது உண்மை இல்ல."

சிலர் சிரித்தார்கள். வைவாவில் நகைச்சுவை அனுமதிக்கப்பட்டதுதான்.

மால்தே படத்தைப் போட்டான். சிவப்புப் பொட்டுகள் அரங்கத்தின் சுவர் முழுக்கப் பரவின. "இது அதே எலியோட மூளை. கத்தரி இங்கயும் வெட்டியிருக்கு. பிராசா இங்கயும் இல்ல. எலி நிறைய தின்னுச்சு, அதனால பருத்துச்சு. தீனியை அளந்துட்டேன். மூணாவது அத்தியாயம் தப்பு. நாலாவது அது மேல நிக்குது. மத்ததுல எழுத்துப்பிழை ஒண்ணு ரெண்டு இருக்கு."

அவன் உட்கார்ந்தான்.

அம்மா கைப்பையின் பிடியை முறுக்கினாள். ஸ்வேயாவின் அண்ணன் கோட்டைக் கழற்றினான். ஸ்டெல்லானின் காது மடல் சிவந்தது. ஹார்ட்மூட் தன் குறிப்புகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். தன் ஊரில் தன் எலிகளின் தலைகள் எங்கே போயின என்று அவர் கணக்குப் போடுவது தெரிந்தது.

இப்போது ஏதாவது உடையும் என்று மால்தே காத்திருந்தான். யாராவது எழுந்து கத்தலாம். குழு வெளிநடப்புச் செய்யலாம். வானம் இடிய வேண்டாம், ஒரு நாற்காலியாவது விழலாம்.

ஹார்ட்மூட் தொண்டையைச் செருமினார்.

"ரொம்ப சுவாரசியமான திருத்தம்," என்றார். பேனாவை எடுத்து அட்டையில் அந்தச் சொல்லை நேர்த்தியாக அடித்தார். "குறிச்சுக்கிட்டேன். சரி, இப்ப முதல் அத்தியாயத்துக்கு வருவோமா? எலிகளை எந்த வெப்பநிலையில வெச்சிருந்தீங்க?"

இரண்டு மணி நேரம் வெப்பநிலையைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாம் அத்தியாயம் வந்தபோது நேரம் போதவில்லை.

குழு ஓர் அறைக்குள் போனது. வெளியே கேக்கை வெட்டவில்லை, கத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கதவு திறந்தது. தேர்ச்சி. ஒருமனதாக. 'முதிர்ச்சியான சுயவிமர்சனத்துக்குத் தனிப் பாராட்டு.'

கேக் வெட்டினார்கள். மார்சிப்பானின் பச்சை எல்லார் பல்லிலும் ஒட்டியது. தப்பான புத்தகத்துக்குப் பட்டம் வாங்கியவனை வரிசையாக வந்து கட்டிப்பிடித்தார்கள். உண்மையைச் சொன்னதும் அவர்களுக்குப் பிடித்திருந்தது. அதனால் ஒன்றும் ஆகாதது இன்னும் பிடித்திருந்தது.

ஸ்டெல்லான் கோப்பையைக் கரண்டியால் தட்டினார். காது மடல் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. இரண்டு மணி நேரம் முன் வரிசையில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை அவர்; யோசித்திருக்கிறார்.

"இதுதான் நம்ம லேப்," என்றார். "நம்ம முடிவையே நாமளே சந்தேகப்படுவோம். இன்னிக்கு மால்தே காட்டினது ஒரு தப்பு இல்ல, நண்பர்களே. ஒரு புதுத் துறை. மூளையும் பழுப்புக் கொழுப்பும் பேசிக்குது! திங்கட்கிழமையே நிதிக்கு எழுத ஆரம்பிக்கிறேன்."

கைதட்டல். ஹார்ட்மூட்தான் முதலில் தட்டினார். அவரும் கூட்டாளியாக இருப்பார்.

ஸ்டெல்லான் கேக் தட்டோடு மால்தேயிடம் வந்தார். கண்கள் ஈரமாக இருந்தன. அந்த ஈரம் நிஜமானது. அதுதான் சகிக்க முடியாதது.

"கோபம் இல்லையே என் மேல?"

"இல்ல."

"ஒண்ணு யோசிச்சேன். அந்தச் சிவப்பு எலி வகைக்கு ஒரு பேர் வேணும், உலகம் பூரா அனுப்பப் போறோம். ஸ்வேயான்னு வைக்கலாம்னு இருக்கேன். அவளுக்கு ஒரு கௌரவமா."

"வேணாம்."

"ஏன் மால்தே? அவ பேர் நிலைக்கும்."

"அவ உன் எலி இல்ல. அவ தலையை யாரும் வாளியில போடல ஸ்டெல்லான்."

ஸ்டெல்லானின் வாய் பாதி திறந்து நின்றது. உள்ளே பச்சை தெரிந்தது. மால்தே தன் தட்டை அவருடைய தட்டின் மேல் வைத்துவிட்டு நடந்தான்.

கீழ்வாசலில் யாரும் இல்லை. எல்லாரும் கேக்கில் இருந்தார்கள். வெளியே கோடைக்கு முந்திய வெளிச்சம், புறநகர் ரயில் ஒன்று குன்றடியில் போனது. புத்தகம் பலகையில் தொங்கியது. மூன்று வாரத்தில் ஒரு தாளின் முனைகூட மடங்கவில்லை.

சுத்தியலின் பின்பக்கப் பிளவால் ஆணியை நெம்பினான். அது அடித்ததைவிடக் கடினமாக இருந்தது. புத்தகம் கைக்கு வந்ததும் காணிக்கைத் தாளைத் தையலோரமாக மெல்லக் கிழித்தான். நேராகக் கிழிந்தது.

படியில் பைவி இறங்கி வந்தாள், விரலில் கேக் க்ரீம்.

"என்ன பண்றே? சாயங்காலம் விருந்துக்கு வர்றியா இல்லியா? உன்னைக் கிண்டல் பண்ணி நாடகம் போடறாங்க. ஸ்டெல்லான் எலி வேஷம்."

"அவர் எப்பவுமே அதான்."

அவள் தாளைப் பார்த்தாள். படித்தாள். பிறகு பலகையின் மேல் அதைப் பிடித்துக்கொண்டாள், கோணாமல்.

"இடது பக்கம் கொஞ்சம் ஏத்து," என்றான் மால்தே.

ஏற்றினாள். அவன் ஆணியை வைத்து அடித்தான். பழைய ஓட்டையிலேயே இறங்கியது. பலகையில் இப்போது ஒரே ஒரு தாள்:

'ஸ்வேயாவுக்கு. இதில் ஒரு வார்த்தையையும் அவள் நம்பியதில்லை.'

மீதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எலி அறைக்குப் போகும் வழியில் திரும்பினான். மஞ்சள் வாளியைத் திறந்து உள்ளே போட்டான். நிறைய இடம் இருந்தது. தலைகளைத்தான் இப்போது பைவி வாங்கிப் போய்விடுகிறாளே.